நீ மீறிய சத்தியம்

நாத்தனாரே,

இன்று காலை எதிர்வீட்டு அம்மியிலிருந்து கீழாநெல்லி அரைக்கிற வாசனை வந்தது. அந்தப் பச்சைக் கசப்பு மூக்கில் ஏறியதுமே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பின்னாலேயே உன் நினைப்பும் வந்தது. அந்த வீட்டுப் புது மருமகளுக்குக் கண் மஞ்சளாம், உப்பில்லாப் பத்தியத்தில் கிடக்கிறாளாம். நீ இருந்திருந்தால் யாரையும் கேட்காமல் உள்ளே போய் அவள் இமையை இழுத்துப் பார்த்திருப்பாய். நீ போய்ச் சேர்ந்தபின் இந்தக் காலனியில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க ஆளே இல்லை.

உனக்கும் எனக்கும் ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கட்டிக்கொடுத்த இடத்தில் பிழைக்க முடியாமல் நீ பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாய். அன்றிலிருந்து விறகுக்குச் சண்டை, குடத்துக்குச் சண்டை, குழம்பில் புளி ஏறினாலும் சண்டை. உன் அண்ணன் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வருவார். வாசலிலேயே நம் இருவர் முகத்தையும் பார்ப்பார். பிறகு யாரிடமும் கேட்காமல் தானே சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

எனக்குக் கண் மஞ்சளானது தொண்ணூறுகளின் கடைசியில், சின்னவன் பால் மறந்த வருஷம். காமாலையா இல்லையா என்று பார்க்க நம் பக்கத்தில் அப்போது ஒரே வழிதான். மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டு வைப்பார்கள், பருக்கை மஞ்சளானால் காமாலை. கொட்டாங்கச்சியில் அதைச் செய்தவள் நீதான். "மஞ்சளாத்தான் கீது அண்ணி, இனி உன் நாக்கு அடங்கும்" என்று சிரித்தாய். உன் அண்ணன் தாமல் பக்கம் போய்ப் பச்சிலை வாங்கி வந்தார். வெறும் வயிற்றில் அதைக் குடித்தேன். உப்பில்லாத கஞ்சியும் மோருமாக நாள் போனது.

காமாலை இறங்கவில்லை. உடம்பு பூராவும் அரிப்பு. பனைவிசிறிக் காம்பால் என் முதுகைச் சொறிந்துவிட்டபடியே நீ என்னை விசாரணை செய்தாய். "திருட்டுத்தனமா கருவாடு துன்னியா? உண்மைய சொல்லு." பத்தியம் முறிந்ததால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன், எந்தப் பாவத்தில் எதைத் தின்றோமோ என்று. இரண்டு பிள்ளைகளையும் உன்னிடம் விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று பயந்தேன். உன் வாய்க்குப் பிள்ளைகள் தாங்காதே என்றும் பயந்தேன்.

நடக்க முடியாமல் போனபிறகு, வெளிக்குப் போக ஏரிக்கரை முள்ளுக்காட்டுக்கு நீதான் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவாய். ஒருநாள் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டாய்.

"இன்னா அண்ணி இது? சுண்ணாம்பு கரைச்சி ஊத்தன மாதிரி கீது. எத்தினி நாளா?"

பல நாளாகவே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதையெல்லாம் யாரிடம் சொல்வது? யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாரியாத்தா சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாய். மறுநாள் காலை உன் அண்ணனிடம் சண்டை போட்டு, என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாய்.

அங்கே இருந்தவர் சின்ன வயது டாக்டர். கண்ணைப் பார்த்துவிட்டு, "மோஷன் எப்படிம்மா போகுது?" என்றார். ஆண்பிள்ளை அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஊருக்கு வந்தவர் சௌக்கியமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி, "நல்லா போவுது சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

"பொய் சொல்லுது சார்" என்றாய் நீ பின்னாலிருந்து. "வெளிக்குப் போனா வெள்ளையாப் போவுது. சுண்ணாம்பு மாதிரி. நானே பாத்தேன்."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருவன் சிரித்தான். நான் உன் தொடையைக் கிள்ளினேன். ஆனால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அரிப்பு இருக்கிறதா, வயிற்றின் வலது பக்கம் வலித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி, பித்தம் இறங்குகிற குழாயில் மாட்டிக்கொண்டிருந்தது. பச்சிலையைப் பற்றி அவர் திட்டவில்லை. "சாதாரணக் காமாலை ஓய்வு எடுத்தாலே பெரும்பாலும் இறங்கிடும். இது வேற. கல்லை எடுத்தாத்தான் இறங்கும். விட்டா சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்து" என்றார்.

ஒரே பெயர், இரண்டு நோய். அதுவரை நமக்கு அது தெரியாது. தெருவுக்கு அதை விளக்கியதும் நீதான். "ஏரி மதகுல கல்லு மாட்டிக்கினா வாய்க்காலுக்குத் தண்ணி எப்டி வரும்? கரை மேலதான் ஏறும். அதான் கண்ணுல ஏறிச்சி. கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று, கருவாட்டு வழக்கையே தொடங்கி வைத்த நீயே சொன்னாய்.

கல்லை எடுக்க எங்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றைக் கிழிக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, அதன் நுனியில் இருக்கிற கருவியாலேயே கல்லை எடுத்துவிடலாம் என்றார்கள். அப்படியும் ஒன்று வந்திருக்கிறது என்று நம் ஊரில் யார் கண்டார்கள்? குடலும் கூடவே வந்துவிடும் என்று நான் அழுதேன். நீ தலையைத் தடவிக்கொண்டே, "கூழு முழுங்கற வாய்தானே, குழாய் முழுங்காதா?" என்றாய். தியேட்டர் கதவு மூடும்போது உன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பதுபோல் வைத்திருந்தாய்.

கல் வந்துவிட்டது. பிறகு ஒரு காலையில் கழிப்பறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மஞ்சளாப் போச்சு, மஞ்சளாப் போச்சு" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னாய். பருக்கையில் பார்த்து நாம் பயந்த அதே மஞ்சள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். "வாயை மூடுடி" என்றுதான் வந்தது.

பித்தப்பையையும் பிறகு வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். அடுத்த நடவுக்கு நான் சேற்றில் இறங்கிவிட்டேன். சின்னவன் இப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அவன் கல்யாணத்துக்கு நான் இருந்தேன், பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்ட நான் இருந்தேன். எல்லாம் நீ கொடுத்தது. உன்னிடம் ஒருமுறையும் இதைச் சொன்னதில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அம்மனிடம் பொய்ச் சத்தியம் செய்ததற்காக நீ ஆடிக்கு ஆடி தனியாக ஒரு பானை கூழ் ஊற்றினாய். நீ போனபின் அந்தப் பானையை நான் ஊற்றுகிறேன்.

வாசனை தாங்காமல் காலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிக்கு இன்னா கலர்ல போவுது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, வெள்ளையாக என்றாள். உடனே பயந்துபோய், "ஆருகிட்டயும் சொல்லாத ஆன்ட்டி" என்று என் கையைப் பிடித்தாள்.

"மாரியாத்தா சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டு அவளுக்குச் செருப்பை எடுத்துப் போட்டேன். இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிறாள். இந்த ஆடிக்கு இரண்டு பானை.