மஞ்சள் பூசிய முகம்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். 'ழ' போடும்போது இன்னும் சுழி தப்பிப்போகிறது. ஆனால் எழுதுவது நானேதான். எழுபத்தொரு வயதில் உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று யார் கண்டது? எனக்கே சிரிப்பு வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை கிணத்துக்கடவில் பஸ்ஸுக்கு நின்றபோது, சுவரில் சுகாதார அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். இப்போது கண்ணில் படும் எதையும் நான் விடுவதில்லை. எழுத்துக் கூட்டி 'மஞ்சள் காமாலை' என்று வாசித்துவிட்டேன். அத்தனை சந்தோஷம். என்ன வாசித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதன் கீழே, 'கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்' என்று இருந்தது. பஸ் வந்து போய்விட்டது.

அன்று மாலை முதியோர் எழுத்தறிவு வகுப்பில் கேட்டேன்: "ஏனுங்க டீச்சர், காமாலைன்னா என்ன அர்த்தமுங்க?"

"அது வடமொழியில அந்த நோய்க்குப் பேருங்க ஐயா. மஞ்சள்னு முன்னால சேர்த்தது நாமதான். இங்கிலீஷ்ல ஜாண்டிஸ்ங்கறாங்கல்ல, அதுவும் பிரெஞ்சுல மஞ்சளுக்கு இருக்கற வார்த்தையில இருந்து வந்ததுதானுங்க."

"அப்ப எல்லா தேசத்துக்காரனும் நல்லாப் பாத்துப்போட்டுத்தான் பேரு வெச்சிருக்கான்," என்றேன். நான் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

நீ தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பவள். அந்த ஐப்பசியில் உன் முகம் கூடுதலாகவே மஞ்சளாகத் தெரிந்தது. "என்ன அம்மணி, கெழங்கு முழுசையும் தேச்சுப்போட்டயா?" என்று கேலி செய்தேன்.

"ரெண்டு நாளா மஞ்சளே தொடலீங்க. எந்திரிச்சு நிக்கவே முடியல," என்றாய்.

நீயும் பதிலுக்குக் கேலி செய்கிறாய் என்று நினைத்துத் தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இமையை விலக்கிப் பார்த்தார். "எத்தன நாளா இப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க உன் கட்டிலருகே சும்மா நின்றேன். வேறு என்ன செய்ய முடிந்தது? வாரக் கடைசியில் நீ போய்விட்டாய்.

இப்போது வீட்டில் எல்லோருடைய இமையையும் விலக்கிப் பார்க்கிறேன். "ஏனுங்க மாமா, நேத்துத்தான பாத்தீங்க," என்று மருமகள் சலித்துக்கொள்கிறாள். ஆனாலும் குனிந்து காட்டுகிறாள். நாற்பது வருஷம் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். உன் கண் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தப் பத்து நாளுக்காக உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வருகிற வாரம் அதை எழுதப் பார்க்கிறேன்.