நாலு பந்திக்கு ஒரே கணக்கு

நவம்பர் 11, செவ்வாய்

மழை. வைட்ஃபீல்ட் வரை மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். புத்தகத்தில் இரண்டு பக்கம்கூட நகரவில்லை.

காலையில் ஒரு போன். நான் தமிழ் என்பதால் சப்போர்ட்டிலிருந்து என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஜோகுபாளையத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் டூர் நடத்தும் அல்போன்சா, எங்கள் மெயில் சேவையின் வாடிக்கையாளர். போன வாரம் எவனோ அவருடைய பாஸ்வேர்டைத் திருடி, எங்கள் சர்வர்கள் வழியாகக் குப்பை மெயிலாகக் கொட்டிவிட்டான். அதன்பின் எங்கள் வாடிக்கையாளர் யார் அனுப்பிய மெயிலையும் மற்ற மெயில் கம்பெனிகள் வாங்க மறுத்தன. மாதக் கடைசியில் அல்போன்சாவின் அக்கவுண்டை மூடிவிட மேனேஜர் நிருபமா முடிவு செய்திருக்கிறார்.

"திருடுனவனை விட்டுட்டு வீட்டுக்காரியைத் தெருவுல நிறுத்துவீங்களா கண்ணு? டிக்கெட் எல்லாம் அந்த அட்ரஸ்லதான் போகுது" என்றார் அல்போன்சா.

தப்பு அவருடையது இல்லை. எங்களுடையது.

நவம்பர் 13, வியாழன்

ஒருவருக்கு மணிக்கு இருநூறு மெயில்: இதுதான் எங்கள் விதி. ஆனால் வெளியே அனுப்பும் சர்வர்கள் நான்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணுகிறது; திருடன் மணிக்கு எண்ணூறு அனுப்பிவிட்டான். கல்யாண மண்டபத்தில் நாலு பந்தி நடக்க, ஒருத்தன் நாலிலும் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி. பரிமாறிய ஒவ்வொருவரும் 'ஒரு இலைதான் போட்டேன்' என்று சத்தியம் செய்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

மீட்டிங்கில் இதையே சொன்னேன். விதியும் எண்ணிக்கையும் ஒரே டேட்டாபேஸில் இருக்கட்டும். நான்கு சர்வரும் அதைக் கேட்டுவிட்டு அனுப்பட்டும்.

பக்கத்து சீட் ஷெர்வின்: "ஐடி வேணாம் மச்சி, நீ கேட்டரிங் போயிடு."

நிருபமா சிரிக்கவில்லை. "அந்த ஒண்ணு செத்தா நாலும் நிக்கும். ரிஸ்க் பேடம்மா" என்று கன்னடத்தில் வேண்டாம் என்றார்.

நியாயமான பயம்தான். பதில் வைத்திருந்தேன். டேட்டாபேஸின் பிரதி ஒன்று தயாராக நிற்கும். அது எழும்வரை மெயிலை மறுக்காமல் வரிசையில் காக்க வைப்போம். "புதன்கிழமை காட்டு. அப்புறம் அந்த டூர் அம்மாவைப் பத்திப் பேசலாம்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

நாள் முழுக்கப் படித்தேன். சர்வரை நினைக்கவே இல்லை. பொய். நினைத்தேன்.

நவம்பர் 19, புதன்

எல்லார் முன்னாலும் தோற்றேன். இருநூறில் நிற்க வேண்டிய சோதனை மெயில் எண்ணூறு வரை ஓடியது. "ஃபுல் மீல்ஸ்!" என்றான் ஷெர்வின். எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தானே செஞ்சேன் — எங்க விட்டேன்?

சாயங்காலம் பிடிபட்டது. பொது டேட்டாபேஸை முதல் சர்வரில் வைத்திருந்தேன். அங்கே செட்டிங்ஸ் ஃபைலில் அதன் முகவரி 'இதே மெஷின்'. அந்த ஃபைலை அப்படியே மற்ற மூன்றுக்கும் காப்பி செய்துவிட்டேன்! 'இதே மெஷின்' என்றதும் ஒவ்வொன்றும் தன்னிடம் கிடந்த பழைய டேட்டாபேஸைக் கேட்டிருக்கிறது. கேட்டதற்குப் பதில் கிடைத்தது. பிறகு ஏன் எச்சரிக்கை வரும்?

நிருபமாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன். இன்னொரு தடவை வேண்டும் என்றேன். கெஞ்சவில்லை.

"வெள்ளிக்கிழமை. லாஸ்ட்."

நவம்பர் 21, வெள்ளி

முகவரியைத் திருத்தி, மூன்று பழைய டேட்டாபேஸையும் அழித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இருநூறில் நின்றது. பிறகு, யாரும் கேட்காமலே, அவர்கள் கண்முன் பொது டேட்டாபேஸை நிறுத்தினேன். ஷெர்வின் "ஏய், ஏய்" என்றான். மெயில்கள் வரிசையில் காத்திருந்தன. பிரதி எழுந்தது. வரிசை நகர்ந்தது.

நிருபமா எழுந்து, "சாப்பிட வர்றியா?" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. அல்போன்சா அக்கவுண்டை மூடப்போவதில்லை.

டிசம்பர் 22, திங்கள்

அல்போன்சா போனில் கத்தினார். "கிறிஸ்துமஸ் வாழ்த்து பாதியில நிக்குது கண்ணு! நான் என்ன திருடியா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்பு நாலு பந்தியிலும் வாழ்த்து போயிருக்கும். இப்போது இருநூறைத் தொட்டதும் நின்றிருக்கிறது. பண்டிகை வரைக்கும் அவருக்கு ஆயிரம் என்று கேட்டதும் நிருபமா தலையாட்டினார். போன வருடமாக இருந்தால் நாலு சர்வரிலும் மாற்ற வேண்டும். யாராவது ஒன்றை மறந்திருப்பார்கள். இன்று ஒரே இடத்தில் ஒரு எண்ணை மாற்றினேன்.

அல்போன்சா போனை இன்னும் வைக்கவில்லை. "போகுது, போகுது" என்றார்.