நாலு நிமிஷம் முந்தின பாங்கு

20 பெப்ரவரி 2025, வியாழன்

என்ட கம்ப்யூட்டர் திருத்துற கடையைத் திறந்ததும் யஹ்யா நானா வந்து நிக்கிறார். எங்கட பள்ளியில பாங்கு சொல்லுற முஅத்தின். பள்ளி ஒபீஸ்ட பழைய கம்ப்யூட்டர் சீபீயுவ ஒரு சாரத்தில சுத்தி, திரீவீல்ல மடியில வச்சுக் கொண்டு வந்திருக்கார், பெத்த புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாற மாதிரி.

"தம்பி, கரண்ட் போய் வந்தா இது 2009க்குப் போயிருது."

"உங்களுக்கும் வயசு கொறயுதே நானா, சந்தோஷப்படுங்க" எண்டேன். சிரிச்சார்.

இந்த மிசின்தான் பள்ளிக்குள்ள மாட்டின டீவியில தொழுகை நேரம் காட்டுறது. அதைப் பார்த்துத்தான் அவர் பாங்கு சொல்லுறார். நெட்வேர்க் போர்ட் போன வருஷமே செத்துப் போச்சு. அதனால நேரம் தானாச் சரியாகாது, கையாலதான் வைக்கணும். பெட்டறி மாத்தினேன். பவர் சப்ளை இரைஞ்சது, அதையும் மாத்தினேன். ஒரு நேரத்தில ஒண்டத்தான் மாத்தணும், எதால சரி வந்ததெண்டு அப்பதான் விளங்கும் — ஊருக்கெல்லாம் நான் படிச்சுக் குடுக்கிற பாடம். இண்டைக்கு எனக்கே அவசரம். யட்டவத்தயில ஒரு பிரிண்டர் வேலை காத்திட்டு இருந்தது.

மிசின் ஓடிச்சு. அனுப்பிட்டேன்.

27 பெப்ரவரி, வியாழன்

அஸர் தொழுதிட்டு வெளிக்கிடக்குள்ள யஹ்யா நானா கையப் புடிச்சார். காலையில கையால சரி வச்சாலும் ஸ்க்ரீன் நேரம் சிலநேரம் முந்தி ஓடுதாம், சிலநேரம் சரியாம். மிசின் சூடானாத்தான் கூடவாம். அவர்ட கை மணிக்கூட்டக் காட்டினார். கண்ணாடி வெடிச்ச, வார் அறுந்து தைச்ச மணிக்கூடு.

எனக்குச் சுர்ரெண்டு வந்திச்சு. இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில் செய்யிறவனுக்கு மணிக்கூட்டக் காட்டுறார்! "புது பெட்டறி போட்டீக்கி நானா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ரெண்டும் ஒத்து வராட்டி ஸ்க்ரீனத்தான் நம்புங்க" எண்டேன். பக்கத்தில நாலு பேர் நிண்டாங்க. கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன்.

"சரி தம்பி" எண்டார்.

2 மார்ச், ஞாயிறு

தலை நோம்பு, ரமழான்ட முதல் நாள். தொண்டை காய்ஞ்சு போச்சு. என்ட பொஞ்சாதி றிப்னாட கஞ்சி நல்லம்.

12 மார்ச், புதன்

யா அல்லாஹ்.

பின்னேரம் முழுக்க மழை மூட்டம், சூரியனே தெரியல்ல. பாங்கு கேட்டிச்சு, நோம்பு தொறந்தோம். எங்கட தெருவுல மணி பாக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. பேரீத்தம்பழத்தக் கையில வச்சிட்டுப் பள்ளிப் பக்கம் காதக் குடுப்பாங்க, அவ்வளவுதான். நான் ரெண்டாவது கோப்பை கஞ்சிக்குக் கைய நீட்டக்குள்ள ரேடியோவுல பாங்கு.

றிப்னா என்னப் பாத்தா. நான் போனப் பாத்தேன். 6.24, சூரியன் மறையிற மஃரிப் நேரம். எங்கட பள்ளியில பாங்கு சொல்லி நாலு நிமிஷம்.

தெருவெல்லாம் சத்தம். "எங்கட நோம்பு போச்சே!" எண்டு பக்கத்து ஊட்டு நப்லா மாமி வாசல்ல வந்து அழுறா. எழுபத்தாறு வயசு. சீனி வருத்தத்தோட ஒரு நோம்பும் விடாமப் புடிச்சிட்டு வந்த மனிசி.

13 மார்ச், வியாழன்

சூரியன் மறைய முந்தித் தொறந்தவங்க எல்லாரும் அந்த நோம்புக்குப் பதிலா இன்னொரு நாள் புடிச்சுக் கழாச் செய்யணும் எண்டு பள்ளி இமாம் ஹஸ்ரத் அறிவிச்சிட்டார். அஸருக்குப் பொறகு நிர்வாகம் கூடினது. மிசின் விசயம் எண்டு என்னையும் கூப்பிட்டாங்க. தலைவர் ஸுஹைல் ஹாஜியார், றிப்னாட கூடப்பொறந்த மூத்த நானா, எனக்கு மச்சான்.

என்னெல்லாம் சொன்னாங்க! தூங்கி எழும்பி மைக்கப் புடிச்சிருப்பார். கண் தெரியிறல்ல. வயசு போச்சு. ஆளுக்கு அக்கறையில்ல. ஒருத்தர், "பசி தாங்காமச் சொல்லிட்டாரோ தெரியா" எண்டார். அதுக்கு ரெண்டு பேர் சிரிச்சாங்க.

யஹ்யா நானா கதவோரமா நிண்டார். ஒரே ஒரு தரம் என்னப் பாத்தார். நான் கீழ விரிச்ச பாயப் பாத்தேன்.

முடிவு: பெருநாளோட வேற முஅத்தின். அவர் வேலையை விட்டா பள்ளிக்குப் பின்னால இருக்கிற ஊட்டையும் விடணும். பத்தொம்பது வருஷம் இருந்த ஊடு. மகள் அம்றா இந்த வருஷம் ஏ.எல். சோதனை எழுதுறா.

நான் வாயே தொறக்கல்ல. மிசின்ல பிழை எண்டு இன்னும் நிச்சயமில்லையே? அவர் கைதவறி நேரத்த மாத்தியிருக்கலாமே? இப்பிடி எனக்கு நானே சொல்லிட்டு ஊட்டுக்கு வந்தேன்.

15 மார்ச், சனி

சீபீயுவக் கடைக்கு எடுத்து வந்தேன். இண்டைக்கு ஒரு வேலையும் எடுக்கல்ல.

பக்கத்தில போன வச்சு, மிசின் நேரத்தையும் போன் நேரத்தையும் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதினேன். முதல் ஒரு மணித்தியாலம் ரெண்டும் ஒண்டு. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு சந்தோஷம் — வெக்கக்கேடு, ஆனா எழுதத்தான் வேணும் — அப்ப யஹ்யா நானாட பிழைதான் எண்டு. மறுகா மிசினுக்குள்ள சூடு ஏறினது. அரை மணித்தியாலத்தில ஒண்டரை நிமிஷம் முந்திப் போச்சு.

இந்தத் தடவை ஒண்டொண்டா. பெட்டறிய மீட்டர்ல பாத்தேன், முழு வோல்ட். பழைய பவர் சப்ளையத் திருப்பிப் போட்டேன், அப்பவும் நேரம் முந்தி ஓடுது. ரேம் மாத்தினேன். ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வேற ஒண்டு போட்டேன். ஓடுது, ஓடுது. கடைசியா மிஞ்சினது மதர்போர்ட்தான். புரொசசருக்கு மேல இருக்கிற பெரிய ஃபேனக் கழட்டி, போர்ட வெளிய எடுத்து வெயில்ல புடிச்சேன்.

கரண்டச் சீராக்கிற நாலு கெப்பாசிட்டர் தலை வீங்கி நிக்குது. ஒண்டு வெடிச்சு, மண்ணிறமா ஒழுகிக் காய்ஞ்சிருக்கு. கரண்ட் சீராப் போகல்ல, அதால போர்ட் கொஞ்சம் கொஞ்சமாச் சாகுது. நெட்வேர்க் போர்ட் செத்தது, 2009க்குப் போனது, நேரம் ஓடினது எல்லாம் ஒரே வருத்தம். நான் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மருந்து குடுத்தேன். அந்த ஃபேனக் கழட்டப் பத்து நிமிஷம் போகாது. பெப்ரவரியில கழட்டியிருந்தா?

அண்டைக்கு அவர்ட கையில மணிக்கூடு சரியான நேரம் காட்டியிருக்கும். ஸ்க்ரீன் வேற காட்டியிருக்கும். ரெண்டையும் பாத்திட்டு, நான் சொன்னதக் கேட்டிருக்கார்.

16 மார்ச், ஞாயிறு

சொல்லணும்.

17 மார்ச், திங்கள்

சொல்லல்ல. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற மாதிரி இருக்கு. சொன்னா யார் மறுகா என்னட்ட மிசின் கொண்டு வருவாங்க? "முஸம்மில் பாத்தா ஊரே நோம்ப விடணும்" எண்டு சிரிப்பாங்க. பல்லேபொல வரைக்கும் கதை போகும்.

18 மார்ச், செவ்வாய்

றிப்னாட்ட எல்லாத்தையும் சொன்னேன். நோம்பு தொறக்கப் பழம் வெட்டிட்டு இருந்தா. கத்திய வச்சிட்டுக் கேட்டா: "இத எனக்கு ஏன் சொல்லுறீங்க? எனக்கா வேலை போகுது?"

கோவம் வந்திச்சு.

20 மார்ச், வியாழன்

மச்சான்ட கடைக்குப் போய்ச் சொன்னேன். கெப்பாசிட்டர போன்ல படம் புடிச்சுக் காட்டினேன். தலை ஆட்டிக் கேட்டார். "சரி, மிசின் எண்டா மிசின். முடிஞ்சத ஏன் இப்ப கிண்டுறீங்க? சனம் இப்பதான் அடங்கியீக்கி. ஆள மாத்துறதெண்டு முடிவாச்சு, புது ஆள் தேடவும் தொடங்கிட்டோம். உங்கட பேரயும் ஏன் கெடுத்துக்கிறீங்க?"

அவர் சொல்லி முடிக்கக்குள்ள எனக்குப் பாரம் எறங்கின மாதிரி இருந்தது. நான் சொல்லிட்டேன்தானே? ஊட்டுக்கு வந்த பொறகுதான் வெளங்கினது — ஆருக்கும் நட்டம் வராத எடத்தில போய்ச் சொல்லியிருக்கேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

21 மார்ச், வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு எழும்பிச் சொல்ல நெனச்சேன். எழும்பல்ல. மழை எண்டு எல்லாரும் அவசரமா வெளிக்கிட்டாங்க. பொய். மழை தூறல்தான்.

25 மார்ச், செவ்வாய்

பள்ளி வாசல்ல செருப்பு வைக்கிற எடத்த யஹ்யா நானா கூட்டிட்டு இருந்தார். ஒரு பொடிச்சி, அஞ்சு வயசு இருக்கும், உம்மாட கையப் புடிச்சிட்டுப் போகக்குள்ள, "இவரா உம்மா நோம்ப முறிச்சவர்?" எண்டு கேட்டா. உம்மாக்காரி இழுத்திட்டுப் போனா. அவர் கூட்டுறத நிறுத்தல்ல.

28 மார்ச், வெள்ளி

சொல்லிட்டேன்.

ஜும்ஆ முடிஞ்சதும் ஹஸ்ரத்திட்டக் கேட்டு முன்னுக்குப் போனேன். "அண்டைக்கு முந்திச் சொன்ன பாங்கு யஹ்யா நானாட பிழையில்ல. மிசின்ல மதர்போர்ட் பழுது. நான் சரியாத் தொறந்து பாக்காம நல்லம் எண்டு குடுத்தேன். நேரம் ஓடுதெண்டு அவர் எனக்குச் சொன்னார். மணிக்கூட்ட நம்பாதீங்க, ஸ்க்ரீனத்தான் நம்புங்க எண்டு நான்தான் சொன்னேன். எல்லாரும் என்ன மன்னிக்கணும்." அவ்வளவுதான். ரெண்டு நிமிஷமும் இல்ல.

அடிப்பாங்க, ஏசுவாங்க எண்டு நெனச்சேன். ஒண்டும் இல்ல. வந்து கைய புடிச்சாங்க. "மிசின்தானே, மனிசன் என்ன செய்ய?" "வெளிய சொன்னீங்களே, அதுவே பெரிய விசயம்." எங்கட தெரு றினோஸ் முதுகில தட்டி, "எங்கட லெப்டொப்பையும் ஒருக்காப் பாருங்க, நோம்புக்குப் பொறகு" எண்டு சிரிக்கிறான். தலைவர் மச்சான் அந்த எடத்திலயே, யஹ்யா நானா இருந்துக்கட்டும் எண்டு அறிவிச்சிட்டார்.

அவர் கடைசி ஸஃப் வரிசையில பாய் சுத்திட்டு இருந்தார். கிட்ட வரல்ல.

29 மார்ச், சனி

அவர்ட ஊட்டுக்குப் போனேன். வாசல்ல நாலு பெட்டி கட்டி வச்சிருக்கு. யட்டவத்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில பேசி முடிச்சிட்டாராம்.

"இருக்கச் சொல்லிட்டாங்களே நானா" எண்டேன்.

"சொன்னாங்க."

"அப்ப ஏன்?"

ஒரு பெட்டிக் கயித்த முடிஞ்சார். பொறகு சொன்னார்: "நேத்து உங்கள மன்னிக்க அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் போச்சு. நல்லம், அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். ஆனா தம்பி, என்ன நடந்ததெண்டு என்னட்டக் கேக்க, பதினஞ்சு பதினாறு நாளா ஒருத்தருக்கும் வாய் வரல்ல."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே, முஸம்மில்தான் சொன்னானெண்டு."

"கேட்டாச் சொல்லியீப்பேன்."

அவர்ட குரல்ல கோவமே இல்ல. கோவப்பட்டிருந்தா எனக்குத் தாங்கியிருக்கும்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். புதுச் சாரம் உடுத்தேன். வட்டிலப்ப இனிப்பத் தொடாம எழும்பிட்டேன்.

2 ஏப்ரல், புதன்

யஹ்யா நானா குடும்பம் போயிட்டாங்க. பெட்டி ஏத்தப் போனேன், ஏற்கெனவே ஏத்தி முடிஞ்சிருந்தது. அம்றா திரீவீலுக்குள்ள பாடப்புத்தகத்த மடியில வச்சிட்டு இருந்தா. என்னக் கண்டதும் புத்தகத்தத் தொறந்தா.

8 ஏப்ரல், செவ்வாய்

புது முஅத்தின் இன்னும் கிடைக்கல்ல. ஹஸ்ரத் லீவுல ஊருக்குப் போயிட்டார். மத்தியானம் மச்சான் போன்ல கோல் எடுத்தார்: "மஃரிபுக்கு மட்டும் நீங்க கொஞ்சம் பாங்கு சொல்லுங்களன், குரல் ஈக்கிதானே."

இண்டைக்கு எங்கட தெருவுல பாதிப்பேர் கழா நோம்பு. பெருநாளுக்குப் பொறகு ஒரே நாளாப் புடிப்போம் எண்டு பொம்புளைகள் சேந்து எடுத்த முடிவு. நானும் நோம்பு. றிப்னாவும். நப்லா மாமியும்தான்.

மைக்குக்கு முன்னால நிண்டேன். கையில போன். 6.22க்கு நேரம் வந்திச்சு. மேற்கால வானம் துப்புரவா இருந்தது, சூரியன் எறங்கினத என்ட கண்ணாலயே பாத்தேன். ஸ்பீக்கர் சுவிச்சப் போட்டேன். அந்தச் சின்ன 'டக்' சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எல்லாரும் பழத்தக் கையில எடுத்திருப்பாங்க.

வாய் வரல்ல. இன்னொருக்காப் போனப் பாத்தேன். சுவர் மணிக்கூட்டப் பாத்தேன். வெளிய எட்டி வானத்தப் பாத்தேன். நப்லா மாமி கையில கோப்பையோட இருப்பா எண்டு தெரியும். தெரிஞ்சும் வாய் வரல்ல.

மூணு நிமிஷம் பிந்தித்தான் சொன்னேன். ஏன் பிந்தினதெண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல.