தையல் டப்பாவில் பதினோரு கவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. இதை யாரோ எழுதிக் கொடுத்ததாக நினைத்துவிடாதே, நான்தான், என் கையாலேயே எழுதுகிறேன். இந்த அளவுக்கு வர இரண்டு நாள் ஆகிவிட்டது, ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

என் லைசென்ஸ் போன கதை உனக்குத் தெரியாது. போனில் எனக்கு நல்லாயிருக்கேன், நீ சாப்பிட்டியா என்பதற்கு மேல் எதுவும் வருவதில்லை. போன வருடம் சலவைக் கூடத்திலிருந்து படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போகும்போது பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். லைசென்ஸை வாங்கிப் பார்த்து யாரிடமோ பேசிவிட்டு, "பெரியவரே, இது செல்லாம போய் நாலு மாசம் ஆச்சு, நோட்டீஸ் மேல நோட்டீஸ் அனுப்பியிருக்காங்களே" என்றார். எனக்கு நோட்டீஸெல்லாம் வராது சார், என் மகள் கடிதம்தான் வரும் என்று பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் அம்மா போன பிறகு வந்த கவர்களைப் பிரிக்காமல் அவளுடைய தையல் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். படித்துச் சொல்ல அவள் இல்லை, அடுத்தவரிடம் நீட்டக் கூச்சம். உன்னை விட்டால் எனக்கு யார் எழுதப்போகிறார்கள், எல்லாம் உன்னுடையதுதான் என்று நினைத்தேன். பதினொன்று சேர்ந்திருந்தன. மகள் விடாமல் எழுதுகிறாள் என்று கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நீதிமன்றத்தில் நீதிபதி அம்மா, அபராதம் கட்டாமல் பதிலும் சொல்லாமல் இருந்ததால் உரிமத்தை நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகும் ஓட்டியது அதைவிடப் பெரிய குற்றம், ஜெயிலுக்கே அனுப்பலாம் என்றார். எனக்குப் படிக்கத் தெரியாதம்மா என்றேன். அப்படியானால் இத்தனை வருடம் ரோட்டுப் பலகைகளை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். படம் தெரியும், எண் தெரியும் என்றேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு வருடத்துக்கு ரத்து, அதன் பிறகு எழுத்துத் தேர்வில் தேறினால்தான் புது லைசென்ஸ் என்று தீர்ப்பு. நான் முதலில் வாங்கிய காலத்தில் வாயால் கேட்டார்கள், வாயால் சொன்னேன்.

வண்டியை வேறு ஆள் ஓட்ட, நான் மடிப்பு மேசைக்குப் போனேன். அங்கே எதிரில் நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவரை எல்லோரும் அக்கா என்பார்கள், என்னைவிட இருபது வயது சின்னவர், நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஈரமான மேசையில் விரலால் எழுதிக் காட்டி அவர்தான் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார். முதல் வாரமே டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினேன். "உங்க பொண்ணு உங்களுக்கு எழுதினது, நடுவுல நான் எதுக்கு? நீங்களே படிங்க" என்று தள்ளிவிட்டார். அந்தப் பிடிவாதத்தில்தான் படித்தேன். இப்போது கடைப் பெயர், பஸ் நம்பருக்குப் பக்கத்தில் இருப்பது, சோப்புத் தூள் பையின் பின்பக்கம் என்று எதையும் விடுவதில்லை.

ஏழு மாதம் கழித்துக் கவர்களைப் பிரித்தேன். ஒன்பது போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்தவை. ஒன்று சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு, அது நியாயம்தான். மற்ற எட்டும் விடுதியின் பின்வாசலில் வண்டி நிறுத்தியதற்கு. அங்கே பலகையில் எட்டு, பதினொன்று என்று இருக்கும், துணி வாங்கிக்கொள்ளும் நேரம் என்று நினைத்து அந்த நேரம் பார்த்துத்தான் போவேன். நேரில் போய்ப் படித்தேன், எட்டு மணி முதல் பதினொன்று வரை வாகனங்களை நிறுத்தக் கூடாது என்று போட்டிருக்கிறது. நடு ரோட்டில் தனியாக நின்று சிரித்தேன்.

மீதி இரண்டுதான் உன்னுடையவை. போனில் உன் கடிதம் வந்ததும்மா என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ ஏன் பேசாமல் இருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாவதைப் படிக்க ஒரு சாப்பாட்டு இடைவேளை முழுவதும் பிடித்தது. அம்மா இருந்தவரை அவள் குரலில் கேட்பீர்கள் என்று எழுதினேன், இப்போது யார் படித்துச் சொல்வார்களோ, அவர்கள் முன்னால் மனதில் இருப்பதை எப்படி எழுதுவது அப்பா என்று கேட்டிருந்தாய். அன்று பிற்பகல் ஒரு விரிப்பும் எனக்கு நேராக மடியவில்லை, அக்காதான் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தார்.

அதனால் சொல்கிறேன், இனி நடுவில் யாரும் இல்லை. உனக்கு அங்கே என்ன கஷ்டமோ, யார் மேல் கோபமோ, என் மேல் கோபம் என்றாலும் எழுது. திங்கட்கிழமை தேர்வில் தேறிவிட்டேன், எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக முடித்தேன். லைசென்ஸ் தபாலில் வரும் என்றார்கள். அதுவும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தால் எது எது என்று இப்போது எனக்குத் தெரியும். உன்னுடையதைத்தான் முதலில் பிரிப்பேன்.

குறை ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாயிரு கண்ணு. காரை நிறுத்தும் முன் பலகையைப் படி, எழுத்து பொடியாக இருந்தால் இறங்கிப் படி.

இப்படிக்கு,
இதைத் தானே எழுதித் தானே கவரில் போட்டு ஒட்டும்
உன் அப்பா