ஜன்னலோரம் எடுத்த படம்

அன்புள்ள வாப்பாவுக்கு, மகன் ரிஸ்வானின் ஸலாம். உம்மாவின் இருமல் நின்றதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

கோலா சிலாங்கூர் ஸ்டூடியோவிலிருந்து பக்கத்து ஊரான ஈஜோக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் புனிதவதி, பக்கவாதம் வந்த அப்பாவோடு பிலிமில் ஒரு படம் கேட்டாள். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்ததால் அவர் முகம் இருட்டாக இருந்தது. ஆட்டோபோகஸ் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியதே தவிர, முகத்தில் நிற்கவில்லை. கையால் போகஸ் திருப்பும் பழைய கேமராவை எடுத்தேன். அதன் மீட்டர் ஜன்னல் வெளிச்சத்தை அளந்தது. அதை நம்பினால் முகம் கறுத்துவிடும்.

"அண்ணே, சீக்கிரம்லா. அப்பாவால ரொம்ப நேரம் உக்கார முடியாது," என்றாள்.

அவர் கன்னத்தருகே போய் வெளிச்சத்தை அளந்துவிட்டுப் பின்னால் வந்து எடுத்தேன். வெளியே வரும்போது படியில் வழுக்கிக் கணுக்கால் லேசாகப் பிசகியது. கவலை வேண்டாம், நடக்கிறேன்.

பிலிம் கழுவி வரும்வரை இருப்புக்கொள்ளவில்லை. நேற்று வந்தது. முகம் தெளிவாக விழுந்திருந்தது. புனிதவதி பார்த்துவிட்டு, "அப்பா கேமராவப் பாக்கல, என்னத்தான் பாக்குறாரு," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நாம் இருவரும் சேர்ந்திருக்கும் படம் வீட்டில் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் சொல்லுங்கள், பெருநாளைக்கு லீவு கேட்கிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார்.

ரிஸ்வான்