கடைத் தரையில் படுத்தோம்

அன்பு மகளே,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆனாலும் நம் குழந்தைக்கு இருப்பதாக டாக்டர் சொன்ன ஆஸ்பெர்ஜர், ஏடிஹெச்டி இரண்டு பெயரையும் சீட்டைப் பார்க்காமலே எழுதிவிட்டேன், பார்த்தாயா?

குழந்தையை விடுதிப் பள்ளியில் விட்டுவிடலாமா என்று கேட்டாய். நேரில் பேசினால் அழுதுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று கடையில் அவளுடைய சோப்பின் உறை நிறம் மாறியிருந்தது. தரையில் படுத்துக் கத்தினாள். தூக்கப் போனேன், உதைத்தாள். எனக்கும் தெம்பில்லை. பக்கத்திலேயே படுத்துவிட்டேன்.

“என்ன பெரியவரே, உங்களுக்கும் அதே சோப்புதான் வேணுமா?” என்றார் கடைக்காரர்.

“இல்லப்பா, கொஞ்சம் முதுகு சாய்க்கிறேன்.”

அவள் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். “தாத்தா, இது படுக்கிற இடம் இல்ல, எழுந்திரு” என்று அதட்டினாள்.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் விடுதியில் அவளோடு யார் தரையில் படுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரமும் எழுதுவேன். நீ படித்தால் போதும், பதில் வேண்டாம்.

உன் அப்பா