இரண்டு மெஷினும் ஒரு காலுறையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் நீ போட்ட சத்தத்தை அதற்குப் போதிய ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம், மூச்சிரைப்பு நீங்கலாக.

புது வீட்டுச் சுவர்கள் எழும்பிவிட்டன, பூச்சு வேலையும் ஒருவழியாக முடிந்தது. அது நடுவில் தடைப்பட்டு நின்றதற்கு நானே காரணம் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், ஆகவே நடந்ததை முறையாகத் தெரிவித்துவிடுகிறேன். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்ணிய தூசியை அதே அறைக்குள் திருப்பி ஊதிவிடுகிறது, அது அம்மாவுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், சென்ட்ரல் வாக்குவம் போடுவதென்று தீர்மானித்தோம். மோட்டாரும் டிரம்மும் வெளியே ஓரிடத்தில் இருக்கும். சுவருக்குள் குழாய் ஓடும். அறைக்கு ஒரு துவாரம், அதற்கு ஒரு மூடி. ஹோஸைச் செருகினால் தூசி நேரே டிரம்முக்குப் போய்விடும். விற்க வந்தவர்கள் இருவர். அம்மா வைத்த பெயர்களிலேயே சொல்கிறேன்: கழுத்தில் டை கட்டி வந்தவர் டைக்காரர், மற்றவர் தாடிக்காரர். முன்னவர் மெஷின் கார் ஷெட்டில் நிற்க வேண்டும், பின்னவருடையது மொட்டை மாடி அறையில். எனவே யாருடையது என்று முடிவான பிறகே குழாய் பதிக்கவும் பூசவும் முடியும். சுவருக்குள் போன ஒன்றுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் நான் சற்று நிதானித்தேன். ‘நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு நின்னுடும். மெஷின் இல்லாத வீட்டுக்கு நான் குடிவர மாட்டேன், விருந்தாளி மாதிரி பார்த்துட்டுப் போயிடுவேன்’ என்றாள் அம்மா. வெறும் கோபமில்லை அது. அன்று காலைதான் படுக்கையை உதறிவிட்டு அரைமணி நேரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இருவரையும் தனித்தனியே விசாரித்தேன். தவறி உறிஞ்சப்பட்ட தோடு டிரம்மில் கிடக்கும் காலத்தில் யார் வசம் இருப்பதாகக் கொள்வது என்று டைக்காரரைக் கேட்டேன். ‘சார், நான் மெஷின் விக்க வந்தேன், சாட்சிக் கூண்டுல ஏற வரலை’ என்றார். இரு தரப்பும் தன் இழுவைதான் பெரிது என்று சாதித்ததால், இருவர் முன்னிலையிலும் ஒரே சோதனை நடத்துவதே நியாயம் எனப்பட்டது. ஷெட்டிலிருந்து மாடி வரை தற்காலிகமாக ஒரே குழாய் ஓடவிட்டு, ஒரு நுனியில் டைக்காரர் மெஷின், மறு நுனியில் தாடிக்காரர் மெஷின், நடுவில் ஹால் துவாரத்தில் என் பழைய கம்பளிக் காலுறை ஒன்று. அது எந்தப் பக்கம் போகிறதோ அவருக்கே ஆர்டர். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கொத்தனார் மட்டும் கலவைச் சட்டியோடு நின்றபடி, ‘ஐயா, வீடு கட்டறமா, கயிறு இழுக்கறமா?’ என்றார்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். குழாய் ஊளையிட்டது. காலுறை எந்தப் பக்கமும் நகரவில்லை. நிலைமையை நேரில் பார்வையிடலாமென்று மூடியைத் திறந்தேன். காற்று புகுந்த வேகத்தில் காலுறை இரண்டாகக் கிழிந்தது. ஷெட்டிலிருந்து டைக்காரர் விரல் பகுதியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, மாடிப்படியில் தாடிக்காரர் கணுக்கால் பகுதியோடு இறங்கினார். இருவரும் வெற்றி கோரினார்கள். குதிகால் இருக்கும் பக்கமே காலுறையின் பெரும்பகுதி என்றார் தாடிக்காரர். விரல் இல்லாவிட்டால் அது காலுறையே இல்லை, வெறும் குழல் என்றார் டைக்காரர். இரு வாதத்திலும் பொருள் இருந்தது. அளந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தள்ளிவைத்தேன். ‘காலுறைக்கு வாரிசு யாருன்னு நீங்க பாருங்க, என் கலவை இறுகுது’ என்றார் கொத்தனார்.

அந்தப் புழுதியில்தான் அம்மா உள்ளே வந்தாள். இருமிக்கொண்டே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். எனக்குத் திக்கென்றது. இருமல் அடங்கியதும் அவள் கேட்டது ஒரே கேள்வி: டிரம் நிரம்பினால் யார் கொட்டுவது? ‘மாசாமாசம் எங்க ஆளே வருவார்மா’ என்றார் தாடிக்காரர். டைக்காரர் தயங்கி, ‘சார்தான் மேடம் கொட்டணும்’ என்றார். அம்மா யோசிக்கவேயில்லை. ‘அப்ப டைக்காரர் மெஷினே போடுங்க’ என்றாள். அது எப்படி ஒரு தகுதியாகும் என்று ஆட்சேபித்தேன். ‘வேற என்ன தகுதி வேணும்? இத்தனை வருஷமா இந்தத் தூசியெல்லாம் என் நெஞ்சுக்குள்ளதான் போச்சு. இனிமே உங்க கைக்கு வரட்டும்’ என்றாள். தாடிக்காரர்கூடத் தலையாட்டிவிட்டார். நான் மாலைக்குள் கையெழுத்திட்டேன். குழாய் பதித்துப் பூசியாகிவிட்டது.

நேற்று மெஷினை ஓடவிட்டு, ஹால் முழுவதையும் அம்மாவே சுத்தம் செய்தாள். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்; ஒரு தும்மல் இல்லை, ஓர் இருமல் இல்லை. பிறகு ஷெட்டுக்குப் போய் டிரம்மைத் திறந்தேன். இவ்வளவையுமா இவள் தினம் பெருக்கினாள் என்றிருந்தது. நிறையத் தும்மினேன், வருத்தமில்லை.

நீங்கள் இருவரும் குறையொன்றுமின்றி நீடூழி வாழ வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உங்கள் வீட்டைப் பெருக்குவது யார் என்று மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அடுத்த மாதம் வரும்போது எனக்கு நல்ல முகக்கவசம் இரண்டு வாங்கி வரவும், மறக்க வேண்டாம்.

ஆசிகளுடன்,
அப்பா